ஃப்ரிட்ஜ் அம்மாக்களும் 40 மணி நேரப் பாடமும்

டொனால்ட் ட்ரிப்லெட் எங்கள் தொழில்காரர். அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்று ஒரு சின்ன ஊர். அந்த ஊர் வங்கியில் 65 வருடம் வேலை பார்த்தார். கோல்ஃப் ஆடினார். தனி ஆளாகப் பல நாடுகளைச் சுற்றி வந்தார். 2023 ஜூன் மாதம், 89 வயதில் காலமானார். மருத்துவப் புத்தகங்களில் அவருக்கு இன்னொரு பெயர் உண்டு: 'டொனால்ட் டி.' ஆட்டிசம் என்று மருத்துவர்கள் பெயரிட்ட முதல் குழந்தை அவர்தான்.

பி.காம். படித்துவிட்டு பேங்க்கில் லெட்ஜர் பார்க்கிறவனுக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று கேட்கலாம். சொல்கிறேன். எங்களுக்கு மூன்று வருடத்துக்கு ஒரு டிரான்ஸ்ஃபர். கொல்கத்தா, நாக்பூர், இப்போது போபால் என்று போகிற இடமெல்லாம் நாலைந்து தமிழ்க் குடும்பங்களின் பழக்கம் கிடைத்துவிடும். அதில் ஏதோ ஒரு வீட்டில் இரண்டரை வயதாகியும் பேச்சு வராத, கூப்பிட்டால் திரும்பாத, பொம்மைக் காரை ஓட்டாமல் அதன் சக்கரத்தை மட்டும் மணிக்கணக்கில் சுற்றிப் பார்க்கிற ஒரு குழந்தை இருந்தது. இன்னொரு ஊரிலும் அப்படி ஒன்று.

இரண்டு வீட்டிலும் ஊரிலிருந்து வந்த போனில் ஒரே வசனம். "நீங்க ரெண்டு பேரும் ஆபீஸ் போறீங்க. வீட்ல பெரியவங்க இல்லை. புள்ளைய ஹிந்திக்கார ஆயாகிட்ட விட்டுட்டீங்க. அப்புறம் எப்படிப் பேச்சு வரும்?"

கேட்கிற அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாது. இந்தப் பழி எங்கிருந்து வந்தது, உண்மைதானா, குழந்தைக்கு என்ன செய்யலாம் என்று நான் படித்துத் தெரிந்துகொண்டதை ஒரு வரலாறாகச் சொல்லிப் பார்க்கிறேன். நான் டாக்டர் இல்லை. குழந்தையைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான்.

டொனால்டிடம் போவோம். பிறந்தது 1933-ல். குழந்தை அம்மா முகத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை. தட்டு, சட்டி மூடி என்று எதையும் பம்பரம் போல் சுற்றிக்கொண்டே இருந்தான். ஆனால் பாட்டுகளை ஒருமுறை கேட்டால் அப்படியே பாடினான். டாக்டர்கள் சொன்னபடி மூன்று வயதில், 1937-ல், அவனை ஒரு விடுதியில் சேர்த்தார்கள். பெற்றோர் மாதம் இரண்டு முறை போய்ப் பார்க்கலாம். அங்கே அவன் இன்னும் ஒடுங்கிப் போனான். ஏறத்தாழ ஒரு வருடத்தில் பெற்றோர் பிடிவாதமாக வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்கள்.

அப்பா வக்கீல். மகனைப் பற்றித் தான் கவனித்ததை எல்லாம் 33 பக்கக் கடிதமாக டைப் செய்து, பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் இருந்த லியோ கேன்னர் என்ற குழந்தை மனநல மருத்துவருக்கு அனுப்பினார். கேன்னர் 1938-ல் டொனால்டைப் பார்த்தார். பிறகு அதே மாதிரி இன்னும் பத்துக் குழந்தைகள். மொத்தம் 11 பேரைப் பற்றி 1943-ல் அவர் எழுதிய கட்டுரைதான் இந்தத் துறையின் ஆரம்பம். ஒரு தகப்பன் உட்கார்ந்து எழுதிய குறிப்புகள் அந்தக் கட்டுரைக்கு எவ்வளவு உதவியிருக்கும் என்று பாருங்கள்.

அந்தக் கட்டுரையின் முடிவில் இது பிறவியிலேயே வருவது என்றுதான் கேன்னர் சொன்னார். ஆனால் அதே கட்டுரையில் இந்தப் பெற்றோர்களில் பாசத்தைக் காட்டுகிறவர்கள் குறைவு என்றும் எழுதி வைத்தார். 1949-ல் இன்னும் ஒருபடி மேலே போய், இந்தக் குழந்தைகளைப் பனி உருகாத ஃப்ரிட்ஜில் வைத்த பொருளுக்கு ஒப்பிட்டார். பிடித்துக்கொண்டார்கள். 'ஃப்ரிட்ஜ் அம்மா' என்ற பெயர் அப்படித்தான் புழக்கத்துக்கு வந்தது.

அதைக் கொள்கையாகவே ஆக்கியவர் சிகாகோவில் பள்ளி நடத்திய புருனோ பெட்டல்ஹைம். இவர் ஹிட்லரின் வதைமுகாம்களில் இருந்து தப்பி வந்தவர். முகாமில் கைதிகள் உள்ளுக்குள் ஒடுங்கிப் போனதையும் ஆட்டிசக் குழந்தையின் ஒதுக்கத்தையும் ஒன்றாக வைத்துப் பேசினார். அப்படியென்றால் வீட்டில் காவலாளி யார்? அம்மா! 1967-ல் வந்த அவருடைய புத்தகம் நன்றாக விற்றது. இந்தக் கொள்கைப்படி சிகிச்சை என்றால் குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைப்பது. எத்தனை தாய்மார்கள் இதைப் படித்துவிட்டு ராத்திரி தூங்காமல் அழுதிருப்பார்கள்!

இதை உடைத்தவர் ஒரு தகப்பன்தான். பெர்னார்ட் ரிம்லாண்ட், அமெரிக்கக் கடற்படையில் வேலை பார்த்த உளவியலாளர். மகன் மார்க்குக்கு ஆட்டிசம். மனைவி அன்பில்லாதவள் என்றால் அவரால் நம்ப முடியவில்லை. கிடைத்த ஆய்வுகளை எல்லாம் தேடிப் படித்து, 1964-ல் ஒரு புத்தகம் எழுதினார். இது மூளை வளர்ச்சி சம்பந்தப்பட்டது, வளர்ப்பால் வருவதல்ல என்று வரிசையாக வாதங்களை வைத்தார். பெட்டல்ஹைமின் புத்தகம் வருவதற்கு மூன்று வருடம் முன்பே மறுப்பு வந்துவிட்டது. 1965-ல் பெற்றோர்களைச் சேர்த்து ஒரு சங்கமும் தொடங்கினார். 1969-ல் அந்தச் சங்கக் கூட்டத்துக்கு வந்த கேன்னர், பெற்றோர்களைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதாக மேடையிலேயே அறிவித்தார்.

அதற்குப் பிறகு இரட்டையர்களை வைத்தும் மரபணுக்களை வைத்தும் வந்த ஆய்வுகள் எல்லாம் ரிம்லாண்ட் பக்கம்தான் நின்றன. ஆக, ஊரிலிருந்து போனில் வருகிற அந்த வசனம் அரை நூற்றாண்டுக்கு முன்பே தள்ளுபடியான வழக்கு. ஆயாவும் காரணமில்லை, ஆபீஸும் காரணமில்லை.

சரி, பெற்றோர் மேல் குற்றமில்லை. குழந்தைக்கு என்ன செய்வது?

அன்றைக்கு இதற்கு இரண்டே பதில்தான் இருந்தது. ஒன்று, ஆயுள் முழுக்க விடுதி. இன்னொன்று, வருடக்கணக்கில் மனப்பகுப்பாய்வு. மூன்றாவது வழியைக் காட்டியவர்கள் பி.எஃப். ஸ்கின்னரின் வழியில் வந்த நடத்தையியல்காரர்கள். அவர்கள் சொன்னது எளிமையான விஷயம். ஒரு செயலைச் செய்தவுடன் நல்ல பலன் கிடைத்தால் அந்தச் செயல் மறுபடி நடக்கும், கிடைக்காவிட்டால் மெல்ல நின்றுபோகும். 1961-ல் சார்லஸ் ஃபெர்ஸ்டரும் மரியன் டிமையரும் ஆட்டிசக் குழந்தைகளும் இந்த முறையில் கற்றுக்கொள்கிறார்கள் என்று காட்டினார்கள். இவர்களுக்கு எதுவும் சொல்லித்தர முடியாது என்று கைவிட்டிருந்த காலத்தில் இது பெரிய செய்தி.

1964-ல் வெளிவந்த 'டிக்கி' என்ற சிறுவனின் கதை இன்னும் தெளிவாகப் புரியவைக்கும். மூன்றரை வயது. கண்புரை வந்து, கண்ணின் லென்ஸை எடுத்துவிட்டார்கள். கண்ணாடி போடாவிட்டால் பார்வை போய்விடும். பையனோ கண்ணாடியைத் தொடவே விடவில்லை. தரையில் தலையை மோதிக்கொள்வான். மான்ட்ரோஸ் வுல்ஃப், டாட் ரிஸ்லி, ஹேடன் மீஸ் என்ற மூவர் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு மருத்துவமனையில் அவனுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். முதலில் கண்ணாடி இல்லாத வெறும் ஃப்ரேம். அதைக் கையில் எடுத்தால் ஒரு வாய் தின்பண்டம். பிறகு முகத்தருகே கொண்டுபோனால். பிறகு காதில் மாட்டினால். இப்படிப் படிப்படியாக. கடைசியில் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கண்ணாடி போட்டிருந்தான். வீட்டில் எப்படிச் செய்வது என்று பெற்றோருக்கும் சொல்லிக்கொடுத்தார்கள்.

பெரிய வேலையைச் சின்னச் சின்னத் துண்டாக்குவது, ஒவ்வொரு துண்டுக்கும் உடனே ஊக்கம் கொடுப்பது, நடந்ததைக் குறித்து வைப்பது. இன்றைக்கு ஏ.பி.ஏ. என்று போர்டு மாட்டிய எல்லா இடத்திலும் நடப்பதற்கு அடிப்படை இந்த மூன்றும்தான்.

இனி இந்தக் கதையின் நாயகனும் வில்லனும் ஒருவரே ஆன ஓலே ஐவர் லோவாஸ். நார்வேயில் பிறந்து லாஸ் ஏஞ்சல்ஸில் பேராசிரியராக இருந்தவர். 1960-களில் விடுதியில் இருந்த குழந்தைகளோடு வேலை செய்தார். பேச்சை ஒலி ஒலியாகக் கற்றுக்கொடுத்தார். அதே சமயம் குழந்தைகள் தங்களைத் தாங்களே காயப்படுத்திக்கொள்வதை நிறுத்த அடித்தார், கத்தினார், மின்அதிர்ச்சியும் கொடுத்தார். 1965-ல் 'லைஃப்' பத்திரிகை படங்களோடு வெளியிட்டது. ஒளிவுமறைவில்லை. பின்னாளில் அவரே தண்டனை முறையைக் கைவிட்டார். ஆனால் அந்தக் கறை இந்தத் துறையை விட்டு முழுதாகப் போகவில்லை.

1973-ல் லோவாஸும் சக ஆய்வாளர்களும் ஒரு தோல்வியை மறைக்காமல் எழுதினார்கள். பயிற்சி முடிந்து விடுதிக்கே திரும்பிய குழந்தைகள் கற்றதை எல்லாம் இழந்துவிட்டார்கள். பயிற்சி பெற்ற பெற்றோரிடம் திரும்பிய குழந்தைகள் மட்டும் அதைத் தக்கவைத்துக்கொண்டார்கள், சிலர் மேலும் முன்னேறினார்கள். என்னைப் பொறுத்தவரை இந்த வரலாற்றில் மிக முக்கியமான கண்டுபிடிப்பு இதுதான். யாரைக் குற்றவாளி என்று வீட்டை விட்டு விலக்கச் சொன்னார்களோ, அவர்கள் இல்லாமல் பாடம் நிலைக்கவில்லை!

அதனால் அடுத்த முயற்சியில் மூன்று மாற்றங்கள். மிகச் சின்ன வயதில் தொடங்குவது, வீட்டிலேயே நடத்துவது, பெற்றோரைச் சேர்த்துக்கொள்வது. 1970-ல் தொடங்கிய இந்தத் திட்டத்தின் முடிவை 1987-ல் வெளியிட்டார். நான்கு வயதுக்குக் கீழே 19 குழந்தைகள், வாரம் 40 மணி நேரம், இரண்டு வருடம் அல்லது அதற்கு மேல். அதில் 9 பேர் சாதாரணப் பள்ளியில் முதல் வகுப்பை முடித்தார்கள், ஐ.க்யூ.வும் சராசரி அளவுக்கு வந்தது. அதாவது 47 சதவீதம். ஒப்பீட்டுக்கு வைத்த 40 குழந்தைகளில் ஒருவர்தான் அந்த நிலையை எட்டினார்.

அந்த 47-ம் 40-ம்தான் உலகம் முழுக்கப் பரவின. இன்றைக்கும் தெரபி விளம்பரங்களில் பார்க்கலாம். இங்கேதான் எனக்குள் இருக்கும் பேங்க்காரன் விழித்துக்கொள்கிறான்.

முதலில் அந்த 47. மொத்தமே 19 பேர். 19 கடன் கணக்கைப் பார்த்துவிட்டு ஒரு கிளையின் வாராக்கடனைச் சொல்ல முடியுமா? மேலும் யாருக்கு முழுப் பயிற்சி, யாருக்குக் குறைந்த பயிற்சி என்று சீட்டுக் குலுக்கிப் போடவில்லை. பயிற்சியாளர் கிடைப்பதைப் பொறுத்துப் பிரித்தார்கள். 2000-ல் டிரிஸ்ட்ராம் ஸ்மித்தும் மற்றவர்களும் 28 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, வாரம் ஏறக்குறைய 25 மணி நேரம் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். பலன் இருந்தது, ஆனால் 1987-ன் அளவுக்கு இல்லை. 2018-ல் காக்ரேன் அமைப்பு இந்தத் தீவிரப் பயிற்சி பற்றிய ஆய்வுகளைத் தணிக்கை செய்தது. தகுதியானவை ஐந்துதான், மொத்தம் 219 குழந்தைகள். பலன் இருப்பதாகத் தெரிகிறது, ஆனால் ஆதாரம் பலவீனம் என்பதே அதன் தீர்ப்பு.

அடுத்து அந்த 40. வருடத்துக்கு 50 வாரம், இரண்டு வருடம் என்றால் 4,000 மணி நேரம். மணிக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 20 லட்சம். சம்பளக்காரன் வீட்டில் இது பி.எஃப்., நகை, ஊரில் இருக்கிற நிலம் எல்லாவற்றையும் கேட்கிற தொகை. 'குணமாகிவிடும், உத்தரவாதம்' என்று சொல்லி முழுப் பணத்தையும் முன்கூட்டியே கேட்கிற இடத்தில் ஒரு நிமிடம் நின்று யோசியுங்கள். இந்தத் துறையில் உத்தரவாதம் தரக்கூடியவர் யாருமில்லை.

பெரியவர்களாகி, தாங்களே பேசவும் எழுதவும் தொடங்கிய ஆட்டிசக்காரர்களின் குரலையும் கேட்க வேண்டும். ஜிம் சின்க்ளேர் என்பவர் 1993-லேயே, எங்களுக்காக ஒப்பாரி வைக்காதீர்கள் என்று பெற்றோர்களைப் பார்த்து எழுதினார். கையை ஆட்டாதே, கண்ணைப் பார், பார்த்தால்தான் பிஸ்கட் என்று எங்கள் இயல்பையே அடக்கினீர்கள் என்ற கோபம் அவருக்குப் பின் வந்த பலரிடம் இருக்கிறது. நியாயமான கோபம். தன் தேவையைக் கேட்கத் தெரிவது, கழிப்பறை போவது, ரோட்டில் ஓடாமல் இருப்பது எல்லாம் சொல்லித்தர வேண்டியவை. சந்தோஷத்தில் கையை உதறுவதால் யாருக்கு என்ன நஷ்டம்?

இந்த விமர்சனங்களால் முறையும் மாறியது. மேசைக்கு எதிரே உட்காரவைத்துக் கேள்வி கேட்பது குறைந்து, விளையாட்டுக்குள்ளேயே பாடத்தை வைக்கும் முறைகள் வந்தன. சாலி ரோஜர்ஸும் ஜெரால்டின் டாசனும் உருவாக்கிய 'டென்வர்' முறை அதில் ஒன்று. ஒன்றரை முதல் இரண்டரை வயதுள்ள 48 குழந்தைகளை வைத்து 2010-ல் வந்த ஆய்வில், இரண்டு வருடப் பயிற்சிக்குப் பிறகு ஐ.க்யூ.வும் மொழியும் நன்றாகவே உயர்ந்திருந்தன. 2019-ல் மூன்று இடங்களில் திரும்பச் செய்தபோது இரண்டு இடங்களில் மொழியில் முன்னேற்றம் தெரிந்தது, ஐ.க்யூ.வில் வித்தியாசமில்லை. நேர்மையான கணக்கு என்றால் இப்படித்தான், ஏறும், இறங்கும்.

நம் நாட்டிலும் இது பெற்றோர் தொடங்கிய கதைதான். டெல்லியில் மெர்ரி பருவா என்ற தாய் 1991-ல் 'ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்' அமைப்பைத் தொடங்கினார். 1994-ல் 'ஓப்பன் டோர்' என்ற பள்ளி. பிறகு தாயோ தந்தையோ குழந்தையோடு வந்து மூன்று மாதம் தங்கிக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பும் பயிற்சி. நிபுணர்கள் விரல்விட்டு எண்ணும் அளவே இருந்த நாட்டில் பெற்றோரையே ஆசிரியராக்கியது எவ்வளவு பெரிய காரியம்! சட்டம் மெதுவாகத்தான் வந்தது. 1995-ன் ஊனமுற்றோர் சட்டத்தில் ஆட்டிசம் இல்லவே இல்லை. 1999-ன் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் பெயர் வந்தது. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைகளில் ஒன்றாகச் சேர்ந்தது.

2016-ல் இன்னொரு நல்ல செய்தி. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளை வைத்து ஒரே ஆய்வை நடத்தினார்கள். வெளிநாட்டு நிபுணர் கிடையாது. பயிற்சி பெற்ற உள்ளூர் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒரு மணி நேரம், ஆறு மாதம் பெற்றோரைச் சந்தித்தார்கள். அம்மா குழந்தையோடு விளையாடுவதை வீடியோ எடுத்து, எங்கே குழந்தை தன்னை வெளிப்படுத்தியது, எங்கே அம்மா அதைப் பிடித்துக்கொண்டார் என்று சேர்ந்து பார்த்தார்கள். பெற்றோர் பதில் தரும் விதம் நன்றாக மாறியது, குழந்தைகள் தாமாகவே தொடர்புகொள்வதும் கூடியது. இதனால் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று ஆய்வாளர்களும் சொல்லவில்லை. ஆனால் 20 லட்சம் இல்லாத வீட்டுக்கும் ஒரு வாசல் இருக்கிறது என்று தெரிந்தது.

நம்மைப் போல வெளிமாநிலத்தில் இருப்பவர்களுக்காக மட்டும் ஒரு விஷயம். இங்கே சில தெரபி சென்டர்களில் "வீட்டில் தமிழை நிறுத்துங்கள், ஹிந்தியோ இங்கிலீஷோ ஒன்றே ஒன்று பேசுங்கள்" என்று சொல்கிறார்கள். நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் 2012-ல் மாண்ட்ரியலில் செய்த ஆய்வும், பின்னால் வந்தவையும், இரண்டு மொழி கேட்டு வளரும் ஆட்டிசக் குழந்தைக்கு அதனால் கூடுதல் தாமதம் வருவதில்லை என்றே காட்டின. யோசித்துப் பாருங்கள். பாடம் நிலைப்பது பெற்றோர் கையில் என்று 1973-லேயே தெரிந்துவிட்டது. அந்த அம்மாவுக்குக் கொஞ்சவும் கோபிக்கவும் கதை சொல்லவும் சரளமாக வருவது தமிழ். அதை வாங்கி வைத்துவிட்டு, காய்கறிக்காரரிடம் பேசுகிற அளவு ஹிந்தியைக் கொடுத்தால் அவர் குழந்தையிடம் பேசுவதே குறைந்துபோகும். தாத்தா பாட்டியின் வீடியோ காலும் போய்விடும். சென்டரில் எந்த மொழியோ இருக்கட்டும், வீட்டில் உங்கள் மொழியிலேயே பேசுங்கள்.

கடைசியாக, தள்ளிப்போட வேண்டாம். ஒரு வயதாகியும் கையை நீட்டிக் காட்டாமல், மழலை ஒலி எழுப்பாமல் இருந்தால், 16 மாதத்தில் ஒரு சொல்கூட வராவிட்டால், இரண்டு வயதில் இரண்டு சொல்லைத் தானாகச் சேர்த்துப் பேசாவிட்டால், எந்த வயதிலும் வந்த பேச்சு போய்விட்டால், குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள். முதலில் காதுப் பரிசோதனை, பிறகு வளர்ச்சி மதிப்பீடு. "அவங்கப்பாவும் மூணு வயசுலதான் பேசினான்" என்று சொல்லாத குடும்பம் தமிழ்நாட்டில் உண்டா? :-) அன்போடு கேட்டுக்கொண்டு, அடுத்த வாரமே போய்க் காட்டிவிடுங்கள்.

2013-ல் தொடங்கிய மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் பல மாவட்ட அரசு மருத்துவமனைகளில் ஆரம்பநிலைத் தலையீட்டு மையங்கள் வந்திருக்கின்றன. 2021-ல் டெல்லி, மும்பை, கொல்கத்தா, செகந்திராபாத், டேராடூன், கட்டாக், லக்னோ, பாட்னா, போபால், சென்னை உட்பட 14 இடங்களில் எல்லா வகைக் குறைபாடுகளுக்குமான மையங்களை மத்திய அரசு தொடங்கியது. தனியார் சென்டரில் பணம் கட்டும் முன் உங்கள் ஊரில் இது இருக்கிறதா என்று விசாரியுங்கள். எங்கே சேர்த்தாலும் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "பயிற்சி நடக்கும்போது நாங்களும் உள்ளே உட்கார்ந்து கற்றுக்கொள்ளலாமா?" கூடாது, கதவுக்கு வெளியே உட்காருங்கள் என்று சொன்னால், வேறு இடம் பாருங்கள்.